கனடாவில் வேலை போனால் ஈ.ஐ (வேலையிழப்புக் காப்புறுதி) எடுப்பது எப்படி?

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றால் அந்தக் கிழமைக்குள்ளேயே ஈ.ஐ-க்கு விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வேலை நாளிலிருந்து நாலு கிழமைக்குமேல் போனால் வரவேண்டிய காசை இழக்க நேரலாம். எங்கள் ஆட்கள் பிந்துவதற்கு இரண்டு காரணம். ஒன்று வெட்கம். இது வெல்பெயர் (அரசின் உதவிப்பணம்) இல்லை, உங்கள் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்த காப்புறுதிக் காசு. மற்றது, "கொம்பனி இன்னும் ஆர்.ஓ.ஈ தரவில்லை" என்று காத்திருப்பது. ஆர்.ஓ.ஈ என்பது எவ்வளவு வேலை செய்தீர்கள், ஏன் வேலை நின்றது என்று முதலாளி எழுதித் தரும் பதிவு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான முதலாளிமார் அதைக் கணினி வழியாக ஈ.ஐ-யைக் கவனிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு நேரே அனுப்பிவிடுவார்கள், உங்கள் கையில் கடதாசி எதுவும் வராது.

1. தகுதியைப் பாருங்கள்

கடந்த 52 கிழமைக்குள் 420 முதல் 700 மணித்தியாலம் வரை வேலை செய்திருக்க வேண்டும். சரியான எண்ணிக்கை நீங்கள் வசிக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்தது. தக்க காரணம் இல்லாமல் நீங்களாக விலகியிருந்தாலோ, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டிருந்தாலோ சாதாரண ஈ.ஐ கிடைக்காது.

2. விண்ணப்பத்தை நிரப்புங்கள்

கனடா அரசின் இணையத்தளத்தில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கிக் கணக்கு விபரம், கடந்த 52 கிழமையில் வேலை செய்த எல்லா இடங்களின் பெயர், தேதிகள் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்த வேண்டி வந்தால், அவர்கள் தரும் தற்காலிகக் கடவுச்சொல்லைக் கொண்டு 72 மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம்.

எங்களுக்குச் சிக்கல் தரும் ஒரு கேள்வி உண்டு: பெற்றோரில் ஒருவர் பிறந்தபோது இருந்த கடைசிப் பெயர். அம்மாவுக்கு ஏது குடும்பப் பெயர்? சின் நம்பர் எடுத்தபோது என்ன எழுதினீர்களோ, அதையே அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு மை சேர்விஸ் கனடா இணையக் கணக்குக்குள் போய் ஆர்.ஓ.ஈ-யைப் பாருங்கள். வேலை நின்ற காரணம் அதில் ஓர் எழுத்தாக இருக்கும்: 'ஏ' என்றால் வேலைக் குறைவு, 'ஈ' என்றால் தானாக விலகியது, 'எம்' என்றால் நீக்கம். வேலை இல்லையென்று நிறுத்திவிட்டு 'ஈ' போட்டிருந்தால், திருத்தித் தரும்படி கொம்பனியிடம் கேளுங்கள். சேர்விஸ் கனடாவுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

3. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரிப்போர்ட்

ரிப்போர்ட் என்றால், அந்த இரண்டு கிழமையில் வேலை செய்தீர்களா, எவ்வளவு உழைத்தீர்கள் என்று சேர்விஸ் கனடாவுக்குச் சொல்வது. அதற்குத் தேவையான நாலு இலக்க அக்செஸ் கோட் (இரகசிய எண்) தபாலில் வரும். அது வந்ததால் ஈ.ஐ கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் ரிப்போர்ட் செய்யத் தொடங்க வேண்டும். முடிவு வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டுக்கான தேதி தாண்டி மூன்று கிழமைக்குமேல் போனால் காசு நின்றுபோகலாம்.

பகுதிநேர வேலை செய்யலாம், மறைக்கத்தான் கூடாது. சனிக்கிழமை ஒரு கடையில் மணிக்கு 18 டொலருக்குப் பத்து மணித்தியாலம் நின்றீர்கள் என்று வையுங்கள். வரி கழிக்க முன்னான 180 டொலரையும் எழுத வேண்டும். சம்பளம் பிறகுதான் வரும் என்றாலும், வேலை செய்த கிழமையில்தான் அதைக் காட்ட வேண்டும். அவர்கள் அதில் பாதியை, அதாவது 90 டொலரை, அந்தக் கிழமையின் ஈ.ஐ-யில் கழிப்பார்கள். மொத்தத்தில் உங்களுக்கு லாபம்தான். கையில் காசாக வாங்கியதை எழுதாமல் விட்டுப் பிடிபட்டால், வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரும்.

ஊருக்குப் போவதையும் சொல்ல வேண்டும். நாட்டுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்குப் பொதுவாகக் காசு இல்லை. நெருங்கிய உறவினரின் செத்தவீடு என்றால் தொடர்ச்சியாக ஏழு நாள் வரை அனுமதி உண்டு.

அப்புறம், எங்கெங்கே வேலை தேடினீர்கள் என்று ஒரு கொப்பியில் தேதியோடு குறித்து வையுங்கள். கேட்டால் காட்ட வேண்டும், ஆறு வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

4. எவ்வளவு வரும்?

சராசரிக் கிழமைச் சம்பளத்தில் 55%. 2025-இல் உச்ச வரம்பு கிழமைக்கு 695 டொலராக இருந்தது. தகுதி இருந்தால் விண்ணப்பித்து 28 நாளுக்குள் முதற்காசு வரும். இதற்கும் வருமான வரி உண்டு.

5. மறுத்துவிட்டால்

முடிவு தெரிந்த 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. ஒன்ராறியோவில் குறைந்த வருமானக்காரருக்குச் சமூகச் சட்ட நிலையங்கள் இலவசமாக உதவும். மறுப்புக் கடிதத்தையும் ஆர்.ஓ.ஈ பிரதியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.