குதிரைக்கு மசாஜ் செய்யக் கற்பது: முதல் நாளிலிருந்து

குதிரை மசாஜ் கற்க வருபவர்கள் முதலில் கேட்பது, "எங்கே அழுத்தணும், எவ்வளவு அழுத்தணும்?" என்றுதான். நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அழுத்துவது மெல்ல வரட்டும். முதலில் குதிரையின் பக்கத்தில் நிற்கவும், அதைப் பார்க்கவும் பழக வேண்டும். இன்று ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் எந்த வரிசையில் சொல்வேனோ அப்படியே எழுதுகிறேன்.

படி 1: லாயத்தில் வேலை பாருங்கள்

எந்தப் பயிற்சியிலும் சேரும் முன் சில மாதங்களாவது லாயத்தில் இருங்கள். சாணம் அள்ளுவது, பிரஷ் போடுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, கயிறு பிடித்து நடத்துவது எல்லாம் பழகட்டும். குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் பார்வை கிடையாது. அதனால் பேசிக்கொண்டே, சாய்வாகத் தோள் பக்கம் வாருங்கள். பின்னால் சுற்றிப் போக வேண்டுமென்றால் ஒரு கையை அதன் மேல் வைத்தபடி ஒட்டிப் போங்கள், இல்லையென்றால் உதை எட்டாத தூரத்தில் போங்கள். ரெண்டுங்கெட்டான் தூரம்தான் ஆபத்து. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

படி 2: உடம்பைப் படியுங்கள்

தோளை நெஞ்செலும்போடு இணைக்கும் காறை எலும்பு நமக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் கிடையாது. முன்கால்கள் இரண்டும் தசையாலும் தசைநார்களாலும் மட்டுமே உடலோடு பிணைந்திருக்கின்றன. சும்மா நிற்கும்போதே எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இறங்குகிறது. ஆள் ஏறுவதற்கு முன்பே நெஞ்சும் தோளும் எவ்வளவு உழைக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

முதுகெலும்பின் இருபுறமும், இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரு தசை ஓடுகிறது. உடம்பிலேயே நீளமானது அதுதான். சேணம் உட்காருவதும் அதன் மேல்தான். குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலா எலும்பை விரலால் தேடிப் பிடித்து, அது முதுகெலும்போடு சேரும் இடம் வரை போங்கள். சேணம் அந்த இடத்தைத் தாண்டக் கூடாது. காலில், முழங்காலுக்குக் கீழே ஏறக்குறைய தசையே இல்லை, நார்களும் எலும்பும்தான். பிசைந்துவிடும் வேலைக்கு அங்கே இடமில்லை.

படத்தில் படித்தது எனக்கு மனதில் நிற்கவில்லை. தண்ணீரில் கழுவினால் போகும் சாக்பீஸை வாங்கி, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, தோள்பட்டை எலும்பைக் குதிரையின் மேலேயே வரைந்தேன். ஒருவர் அதை நடத்திக் காட்ட, நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். கால் முன்னே போகப் போக, அந்த வெள்ளைக் கோட்டின் மேல்முனை பின்னால் சாய்ந்தது. சேணத்தை ரொம்ப முன்னால் வைத்தால் குதிரை ஏன் காலை எட்டி வைக்கத் தயங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. நீங்களும் கட்டாயம் வரைந்து பாருங்கள்.

படி 3: இயல்பு நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்குச் சுமார் 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: கை வைக்கும் முன் பாருங்கள்

சமதளத்தில் நடக்கவிட்டும் மெதுவாக ஓடவிட்டும் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தாழும். இந்த ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கு மசாஜ் கிடையாது, கால்நடை மருத்துவர்தான். அப்புறம் முகத்தைப் பாருங்கள். காது பின்னுக்கு விறைத்திருப்பது, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விரிந்து விறைத்த மூக்குத் துவாரம் எல்லாம் வலியின் அடையாளங்கள். இவற்றுக்கு மதிப்பெண் போட்டு வலியை அளக்கும் ஒரு முறையை ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். நல்ல பயிற்சிகளில் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

படி 5: இனி கை

மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள், நகம் வெட்டியிருக்கட்டும். எண்ணெய் வேண்டாம். குதிரையை இறுக்கிக் கட்டாமல், ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். தலையை அசைக்க முடிந்தால்தான் அது உங்களிடம் பேச முடியும்.

கழுத்தில் தொடங்குங்கள். உள்ளங்கை முழுதும் படிய, முடி படிந்திருக்கும் திசையிலேயே, தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் நீவுங்கள். தோள், முதுகு, பின்தொடை வரை போய் வாருங்கள். எங்கே சூடு, எங்கே முறுக்கிய கயிறு மாதிரி இறுக்கம், எங்கே தோல் துடிக்கிறது என்று கை குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் தோளிலும் பின்தொடையிலும், சதை கனமாக உள்ள இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக அழுத்தி மெதுவாக விடுங்கள். விடும் வேகம் அழுத்தும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். கழுத்தின் மேல்பகுதியில் பிசையலாம். எலும்பின் மேல் அழுத்தவே கூடாது. விரல் நுனியால் ஆழமாகத் தேய்ப்பதை, ஆசிரியர் பக்கத்தில் நிற்காமல் செய்யாதீர்கள்.

கையிலேயே குனிந்து கிடக்காமல் அடிக்கடி முகத்தைப் பாருங்கள். கண் சிமிட்டுவது, தலை தாழ்வது, உதட்டை நக்கி மெல்லுவது, பெருமூச்சு, கொட்டாவி எல்லாம் இளகுவதன் அடையாளங்கள். காதை மடக்குவது, வாலை விசிறுவது, நகர்ந்துகொள்வது "வேண்டாம்" என்பது. சிமிட்டாத கண்ணோடு சிலைபோல் நிற்கும் குதிரையைச் சாது என்று நினைக்காதீர்கள். அது பொறுத்துக்கொண்டிருக்கிறது.

இது எனக்கு ஒரு பழுப்புப் பெண் குதிரையிடம் தெரிந்தது. பிடரி மயிர் முடிகிற இடத்தில், தோள்களுக்கு நடுவே உயர்ந்திருக்கும் மேட்டுக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம், கை போகும்போதெல்லாம் அவள் கண் சிமிட்டுவது நின்றுவிடும். முடிச்சு என்று நினைத்துக் கூடுதலாக அழுத்தினேன். முதுகை அப்படியே கீழே தாழ்த்தி விலகினாள். அழுத்தத்தை விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சும்மா வைத்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடம் போயிருக்கும், இமை ஒருமுறை மூடித் திறந்தது. குனிந்து பார்த்தால், பழுப்பு முடிக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை முடி. சேணம் நெடுநாள் ஒரே இடத்தில் அழுத்தினால் இப்படி வெள்ளை முளைக்கும். சேணத்தைச் சரிசெய்யாமல் நான் எத்தனை மாதம் பிடித்துவிட்டிருந்தாலும் அவளுக்குப் பயன் இருந்திருக்காது.

படி 6: செய்யக் கூடாத நேரங்கள்

காய்ச்சல், திறந்த காயம், படர்தாமரை போன்ற ஒட்டும் தோல் நோய், புதிதாக வந்த வீக்கம், காரணம் தெரியாத நொண்டல், வயிற்று வலி இவற்றில் கை வைக்காதீர்கள். கடும் உழைப்புக்குப் பிறகு பின்தொடை கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தால் தசை சிதைகிறது என்று பொருள். அந்த நேரம் பிடித்துவிட்டால் இன்னும் கெடும். நடக்க வைக்காமல் மருத்துவரை உடனே அழையுங்கள்.

படி 7: முறையான பயிற்சி

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரையேற்ற அணியின் குதிரைகளுக்கு மசாஜ் செய்த ஜேக் மேகர், விளையாட்டு வீரர்களுக்குச் செய்த முறைகளைக் குதிரைக்குக் கொண்டுவந்த முன்னோடி. அவருக்குப் பிறகு பயிற்சி வகுப்புகள் பெருகிவிட்டன. ஆனால் தரம் ஒன்றுபோல் இல்லை, வார இறுதி வகுப்பும் உண்டு, பல மாதப் படிப்பும் உண்டு. சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்: உயிருள்ள குதிரையோடு எத்தனை மணி நேரம்? உடற்கூறு சொல்லித்தருபவர் கால்நடை மருத்துவரா? எத்தனை குதிரைகளைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு எழுத வேண்டும்? வீடியோ மட்டும் பார்த்துச் சான்றிதழ் தரும் இடத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டன் போன்ற இடங்களில் நோயுள்ள விலங்கைத் தொட கால்நடை மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுக் காசு வாங்குங்கள், காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஒரு நோட்டு போடுங்கள். குதிரை, தேதி, நாடி, நடை, இறுக்கம் இருந்த இடம், அது காட்டிய அடையாளம். மறுநாள் போய்ப் பார்த்து என்ன மாறியது என்று அதன் கீழேயே எழுதுங்கள். பின் அட்டையில் மருத்துவர், லாடம் அடிப்பவர், சேணம் பார்ப்பவர் மூவரின் தொலைபேசி எண்களும் இருக்கட்டும்.