சக்காரா, தாஷூர், கீசா: பிரமிடுகளைக் கட்டப்பட்ட வரிசையிலேயே ஒரு நாளில் காண்பது எப்படி?

கெய்ரோவுக்குச் செல்வோரில் பலர் முதலில் கீசாவுக்குப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால் மட்டுமே சக்காராவை எட்டிப் பார்க்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். சக்காராவில் தொடங்கி, தாஷூர் வழியாகக் கீசாவில் முடித்தால், கல்லை அடுக்கக் கற்றுக்கொண்ட மக்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் எவ்வளவு தூரம் முன்னேறினார்கள் என்பதை ஒரே பகலில் கண்ணால் தொடர்ந்து பார்க்க முடியும்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் உடன் வருவோர் அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து சிலவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பிரமிடுகளின் உள்ளே யார் இறங்குவார்கள் என்பதே அவற்றில் முதன்மையானது. முழங்கால் வலி, மூச்சிரைப்பு, அடைபட்ட இடங்களில் அச்சம் ஆகியவை உள்ளவர்கள் அதைத் தயங்காமல் அப்போதே சொல்லிவிட வேண்டும். குறுகிய பாதையின் நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் தவித்துப் போவார்கள். நாள் முழுவதற்கும் ஒரே வாடகை வண்டியைப் பேசி, மூன்று இடங்களின் பெயர்களையும், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கட்டணத்தை உறுதி செய்யுங்கள். நுழைவுச்சீட்டுக்கு வங்கி அட்டை தேவைப்படும். சிறு அன்பளிப்புகளுக்குச் சில்லறை நோட்டுகளும் வேண்டும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெயில் பொறுக்கத்தக்கதாக இருக்கும். ஆயினும் வசந்த காலத்தில் கம்சீன் என்னும் புழுதிக்காற்று வீசக்கூடும் என்பதால், முகத்தை மூட ஒரு துணியும், ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.

காலை 7 மணிக்கே கெய்ரோவை விட்டுக் கிளம்பினால், தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சக்காராவில் கூட்டம் சேருமுன் நுழைந்துவிடலாம். ஜோசர் மன்னனுக்காக கி.மு. 27ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட படிப் பிரமிடு இங்கே நிற்கிறது. அதற்கு முன்பு மன்னர்களின் கல்லறைகள் மாஸ்தபா எனப்படும், தட்டையான தலை கொண்ட செங்கல் மேடைகளாகவே இருந்தன. இம்ஹோதெப் என்னும் கட்டடக்கலைஞரின் பொறுப்பில் அந்த மேடை கல்லுக்கு மாறி, பலமுறை விரிவாக்கப்பட்டு, ஆறு படிகளாக 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. சுற்றுமதிலின் நுழைவாயிலில் உள்ள தூண்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள்: கட்டாகக் கட்டிய நாணல் தண்டுகளின் வடிவில் அவை செதுக்கப்பட்டுள்ளன. நாணலும் மரமும் செய்த வேலையைக் கல்லும் செய்யும் என்ற துணிவு அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. பிரமிடின் வடபுறத்தில், இரண்டு துளைகளைக் கொண்ட, கல்லால் ஆன ஒரு சிறு அறை சாய்ந்தபடி இருக்கும். அதனுள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஜோசரின் சிலை உங்களை நேருக்கு நேர் நோக்கியபடி அமர்ந்திருக்கும். அங்கிருப்பது நகல்தான், மூலச் சிலை அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டது. இருப்பினும் இதைத் தவறவிடாதீர்கள்.

சக்காராவில் இன்னும் இரண்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்று, உனாஸ் அல்லது தேத்தியின் பிரமிடு. அன்று எது திறந்திருக்கிறதோ அதில் இறங்கலாம். இரண்டின் உட்சுவர்களிலும், மன்னனின் மறுமைப் பயணத்திற்கான மந்திரங்கள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றொன்று, தேத்தியின் தலைமை அமைச்சரான மெரெருகாவின் கல்லறை. மீன்பிடிப்போர், கணக்கர்கள், நீர்யானைகள் என அன்றைய நைல் கரை வாழ்க்கை அதன் சுவர்களில் நிறைந்திருக்கிறது. குழந்தைகள் உடன் வந்தால் பிரமிடுகளைவிட இதையே அதிகம் விரும்புவார்கள். காவலர் எவரேனும் கயிறு கட்டிய பகுதிக்குள் அழைத்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். சுவர்களைத் தொடாதீர்கள், கைவியர்வையும் உரசலும் வண்ணத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

பதினொன்றரை மணி அளவில் தாஷூருக்குப் புறப்படலாம். பத்துக் கிலோமீட்டர்தான் தொலைவு. மதிய உணவைக் கையில் வாங்கிச் செல்வது நல்லது. மொச்சை வகைப் பயறை அரைத்துப் பொரித்த தாமெயாவைத் தட்டை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அரிசி, பருப்பு, மக்ரோனி கலந்த கோஷரியும் எங்கும் கிடைக்கும். சைவ உணவினருக்கு இவை போதும்.

என் கணிப்பில் இந்த நாளின் நடுநாயகம் தாஷூர்தான். ஸ்னெஃப்ரு மன்னன் இங்கே இரண்டு பிரமிடுகளைக் கட்டினான். வளைந்த பிரமிடு, கீழே ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் தொடங்கி, பாதி உயரத்திற்குமேல் 43 பாகையாகச் சட்டென்று தணிகிறது. பாரம் தாங்காமல் உள்ளே விரிசல்கள் கண்டதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அடுத்ததாக எழுந்த சிவப்புப் பிரமிடு, அந்தப் பாடத்தை ஏற்று, அடி முதலே 43 பாகையில் உயர்ந்தது. இரண்டையும் ஒருசேரக் காணும் இடத்தில் நின்று, உடன் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு பிரமிடின் உள்ளே மட்டும் போக உடல் இடம் கொடுக்கும் என்றால், சிவப்புப் பிரமிடைத் தேர்ந்தெடுங்கள், நெரிசல் குறைவு. வடபுறத்தில் சுமார் 28 மீட்டர் உயரத்திலுள்ள வாயிலுக்கு ஏறி, அங்கிருந்து 60 மீட்டர் நீளமுள்ள தாழ்ந்த சரிவுப் பாதையில் குனிந்தபடியே இறங்க வேண்டும். பைகளை, உள்ளே வராதவர்களிடம் விட்டுச் செல்லுங்கள். இரு கைகளும் பிடிமானத்திற்குத் தேவைப்படும். அடியில், ஒவ்வொரு கல்வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டு, மேலே போகப் போகக் குறுகி முடியும் கூரையை அண்ணாந்து பாருங்கள். காற்றில் அமோனியா நெடி இருக்கும். மறுநாள் தொடைகள் வலிக்கும் என்பதையும் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கீசாவை இரண்டு மணி அளவில் அடைந்தாக வேண்டும். மூடும் நேரம் பருவத்திற்கேற்ப மாறுவதாலும், ரமலான் மாதத்தில் முன்கூட்டியே மூடுவதாலும், அதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போது ஃபயூம் சாலையிலுள்ள புதிய வாயிலில் இறங்கி, வளாகத்திற்குள் மின்பேருந்துகளில் செல்ல வேண்டும். குஃபுவின் பெரிய பிரமிடு முதலில் 146 மீட்டர் உயரம் இருந்தது. இன்று 138 மீட்டர் அளவுக்கு நிற்கிறது. அதன் சரிவு ஏறத்தாழ 52 பாகை. தாஷூரில் கைவிட்ட செங்குத்தான சரிவை, குஃபுவின் காலத்தில் மீண்டும் எட்டிப்பிடித்துவிட்டார்கள். உள்ளே செல்லத் தனிச் சீட்டு உண்டு, விலையும் கூடுதல். இன்னும் தெம்பிருப்பவர்கள் மட்டும் சென்று, சிவப்புப் பிரமிடில் கண்ட அதே கூரை முறை 47 மீட்டர் நீளப் பெருங்கூடமாக வளர்ந்திருப்பதைப் பார்க்கலாம். நடுவிலுள்ள காஃப்ரேயின் பிரமிடு உயரமாகத் தோன்றினாலும், அது மேடான பாறையில் நிற்பதால் ஏற்படும் தோற்றமே.

ஒட்டகச் சவாரிக்கு அழைப்போரிடம் குழுவில் ஒருவர் மட்டும் பேசட்டும். வேண்டாமென்றால் ‘லா, ஷுக்ரன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். வேண்டுமென்றால், ஏறுவது, இறங்குவது, படமெடுப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து விலையை முன்னரே பேசுங்கள். விலங்கின் உடலில் புண்கள் தெரிந்தால் ஏறாதீர்கள். கடைசியாக ஸ்பிங்க்ஸையும், அதன் அருகே கருங்கல் பதித்துக் கட்டிய காஃப்ரேயின் பள்ளத்தாக்குக் கோயிலையும் பார்த்துவிட்டு வெளியேறலாம்.

அருகிலுள்ள மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தை அதே மாலையில் திணிக்காதீர்கள். குஃபுவின் பிரமிடின் அருகே 1954இல் கண்டெடுக்கப்பட்ட, 43 மீட்டர் நீளமுள்ள தேவதாரு மரப் படகு 2021 முதல் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மற்றவற்றுக்கும் மறுநாள் காலை முழுவதையும் ஒதுக்குங்கள்.