சோற்றைப் படமெடுக்கும் முன் டியூப்லைட்டை அணையுங்கள்

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களிடம் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் பழகச் சொல்வேன். எடுத்து அனுப்புகிறார்கள். பார்த்தால், ஏழு வருஷத்துக்கு முன் ஈரோட்டில் எங்கள் சமையலறையில் நான் அடித்த அதே கூத்து. கை ஆடுவது, ஃபோகஸ் தவறுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஜன்னலும் டியூப்லைட்டும் ஒன்றாக

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். வெளிச்சம் போதவில்லை என்றதும் கை சுவிட்சுக்குப் போய்விடுகிறது. நானும் அப்படித்தான் அரிசிம்பருப்பு சாதத்தை எடுத்தேன். ஜன்னல் பக்கம் சோறு மஞ்சளாகத்தான் இருந்தது. லைட் பக்கம் பாசி பிடித்த பச்சை. மஞ்சள் மண்டி இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு மஞ்சளை மஞ்சளாக எடுக்கத் தெரியவில்லை! வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை கேமராவில் மாற்றினேன். பச்சை போனது, ஜன்னல் பக்கம் ரோஸ் ஏறியது. படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தைத்தான் அது போடும். இரண்டு நிற வெளிச்சம் விழுந்தால் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும்.

இது புரியாமல் லென்ஸ் மேல் பழியைப் போட்டு, வாய் அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சம் வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். அதிலும் அதே பச்சை. அம்மா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, பச்சப்பயறுச் சோறா இது?" என்றார். லென்ஸ் விலையைச் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய பகலில், வேறு வழியில்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தேன். ஸ்டூல் மேல் கேமரா, டைமர், ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. பருப்பு தனியாக, நெய் மினுமினுப்பு தனியாகத் தெரிந்தது. வெயில் நேராக விழுந்தால் பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிக்கொள்ளுங்கள், போதும்.

ஃபிளாஷ்

வேண்டாம்.

எஃப் 1.8-ஐ விடாமல் பிடித்துக்கொள்வது

எஃப் எண் சிறிதானால் படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறையும். இடியாப்பம் மாதிரியான சந்தகையில் ஒரு இழை தெளிவாக இருக்கும், மீதி பஞ்சுமிட்டாய். கிட்டத்தில் எடுக்கும்போது எஃப் 5.6 வையுங்கள்.

எவர்சில்வர் வட்டில்

உங்கள் சட்டை அதில் தெரியும்.

சோறு போட்ட பிறகு கோணம் தேடுவது

காலி வட்டிலை வைத்தே வெளிச்சம், கோணம் எல்லாம் பார்த்துக்கொண்டு, கடைசியில் பரிமாறச் சொல்லுங்கள். ராகிக் களி ஆறினால் மேலே காய்ந்து மங்கிவிடும், கொள்ளுப் பருப்பு இறுகிவிடும். ஒரு ராத்திரி நான் அரைமணி நேரம் வட்டிலைத் திருப்பித் திருப்பி வைத்ததைப் பார்த்த ஆத்தா, "போட்டோவத் தின்னுட்டுப் படுத்துக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, குண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.