பழைய ஹாம் செட்டுல ரிசப்ஷன் டல்லா இருக்கா? மூடிய தொறக்கறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

70கள்ல வந்த யேசு கம்பெனி எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 மாதிரி ஒரு ஹாம் செட்டு, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரங்க பேசவும் கேக்கவும் வெச்சிருக்கிற செட்டு, கைக்கு வந்திருக்கு, டயல் லைட்டு எரியுது, ஆனா ஸ்டேஷன் எல்லாம் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குதுன்னா ஒடனே ஸ்க்ரூ டிரைவர எடுக்காதீங்க. கோளாறு ஆன்டெனா பக்கமா செட்டு பக்கமான்னு வெளிய இருந்தே பிரிச்சிடலாம்.

மொதல்ல நாப்ஸ். ஆர்எஃப் கெயின், அதாவது வர்ற சிக்னல எவ்வளவு பெருக்கணும்னு வைக்கிற நாப், ஃபுல்லா இருக்கணும். இந்த செட்டுகள்ல அத கொறைச்சா எஸ் மீட்டர் (சிக்னல் பலத்த காட்டுறது) முள்ளு மேல ஏறி நிக்கும், சத்தம் மட்டும் இருக்காது, புதுசா வர்றவங்க இதப் பாத்துதான் ரொம்ப கொழம்புறாங்க. சிக்னல கொறைக்கிற அட்டென்யூவேட்டர் சுவிட்ச் இருந்தா ஆஃப். அப்புறம் ப்ரீசெலக்டர், அதாவது ரிசீவர் முன்பக்கத்த பேண்டுக்கு ட்யூன் பண்ற நாப், இரைச்சல் எங்க அதிகமா வருதோ அங்க வரைக்கும் பைய திருப்பணும், ஒவ்வொரு பேண்டுக்கும் தனியா. நேரத்தையும் பாத்துக்கங்க, உச்சி வெயில் நேரத்துல 40 மீட்டர் பேண்டுல தூரத்து ஸ்டேஷன் கேக்கலன்னா அதுக்கு செட்டு பொறுப்பில்ல, காலைலயும் சாயங்காலமும் கேட்டுப் பாருங்க.

இப்பதான் முக்கியமான டெஸ்ட். ஆன்டெனாவ கழட்டிட்டு காலிபரேட்டர் சுவிட்ச போடுங்க, செட்டே உள்ள ஒரு சோதனை சிக்னல் (மார்க்கர்) கொடுக்கும். 25 கிலோஹெர்ட்ஸ் மார்க்கர்னா டயல்ல 25க்கு ஒரு தடவ விசில் கேக்கணும். விசில் நல்லா கனமா வந்து முள்ளும் ஏறுதுன்னா ரிசீவர் நல்லாத்தான் இருக்கு, ஆன்டெனா, கேபிள், ரிலே (ஆன்டெனாவ ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மாத்தி விடுற சுவிட்ச்) இந்த மூணுல ஒண்ணு. விசிலே சோம்பலா வந்தா செட்டுக்குள்ள. மார்க்கர் பெரும்பாலும் ரிலேவத் தாண்டி ரிசீவர் பக்கம்தான் சேரும், இருந்தாலும் உங்க மாடல் சர்க்யூட் படத்துல ஒரு தடவ பாத்துக்கங்க.

ஆன்டெனா பக்கம்னா மொட்ட மாடிக்கு போங்க. 40 மீட்டர் டைபோல்னா (நடுவுல கேபிள் சேர்ற ரெட்ட வயர் ஆன்டெனா) ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 10 மீட்டர் வயர், நடு ஜாயின்ட்ல ஐப்பசி மழத் தண்ணி எறங்கி கேபிளோட செம்பு கறுத்திருக்கும், அழகர்கோயில் பக்கம் வீடுன்னா கொரங்கு இழுத்து விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு. கேபிள் நுனில இருக்கிற பிஎல்-259 கனெக்டர் சால்டரிங்கயும் மல்டிமீட்டர் வெச்சு பாருங்க.

அது சரியா இருந்தா அடுத்து ரிலே. ஸ்டேஷன் கேட்டுக்கிட்டு இருக்கும்போது, மைக் கெயின ஜீரோல வெச்சு மைக்ல இருக்கிற பேசுற பட்டன (பிடிடி) ஒரு தடவ அமுக்கி விடுங்க (ஹாம் லைசென்ஸ் இருந்தா மட்டும்). விட்டதும் சத்தம் திடீர்னு கூடுச்சுன்னா சந்தேகமே வேணாம், ரிலே கான்டாக்ட்தான்.

மூடிய தொறக்கணும்னா பிளக்க புடுங்கிட்டு கொஞ்ச நேரம் விட்டுடுங்க. ஃபைனல் டியூப் பக்கம் 600 வோல்ட்டும் அதுக்கு மேலயும் ஓடுற எடம், கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், மீட்டர வெச்சு எறங்கிடுச்சான்னு பாக்காம கை வைக்கவே கூடாது. விசிட்டிங் கார்ட ஒல்லியா கிழிச்சு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு கான்டாக்ட் நடுவுல விட்டு, கையால மெதுவா மூடிக்கிட்டு இழுங்க. அட்டைல கறுப்பா ஒரு கோடு வரும். கோடு வர்றது நிக்கிற வரைக்கும் புதுப் புது துண்டு. உப்புத்தாள் போட்டீங்கன்னா மேல இருக்கிற பூச்சு போயிரும், அதோட ரிலே காலி. சில மாடல்ல ரிசீவர் இன்புட்ல சின்ன பல்பு ஒண்ணு ஃபியூஸா இருக்கும், அது எரிஞ்சு போயிருந்தாலும் இதே கதைதான்.

விசில் ஒரு பேண்டுல மட்டும் டல்லுன்னா பேண்ட் சுவிட்ச் அழுக்கு. மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கான்டாக்ட் கிளீனர் கேளுங்க, கொஞ்சமா அடிச்சு சுவிட்ச அங்கிட்டும் இங்கிட்டும் நல்லா திருப்பணும். எல்லா பேண்டுலயும் டல்லுன்னா ஆர்எஃப் ஆம்ப் (ஆன்டெனா சிக்னல மொதல்ல பெருக்குற எடம்) டிரான்சிஸ்டர் வோல்டேஜ மேனுவல்ல இருக்கிறதோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுல கைபழகாதவங்க தெரிஞ்ச ஹாம் யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்றது நல்லது. ஐஎஃப் காயில் (செட்டுக்குள்ள ட்யூன் பண்ணி வெச்சிருக்கிற காயில்) நடுவுல இருக்கிற கோர மட்டும் சும்மா திருகிப் பாக்காதீங்க, ஃபெரைட் பொடிஞ்சு உள்ளயே மாட்டிக்கிட்டா அதே சைஸ் கோருக்கு இன்னொரு பழைய செட்டத்தான் பிரிக்கணும்.