வகுப்பைப் பார்க்கப் போகும் தலைமையாசிரியர் செய்யும் தவறுகள்

சேர்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போன முதல் வருடம், எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் நான் முதலில் கேட்டது பாடக்குறிப்பேடு. தேதி சரியா, துணைக்கருவி எழுதியிருக்கிறதா என்று புரட்டிக் கையெழுத்துப் போடுவதற்குள் பாதிப் பீரியட் போய்விடும். பாடம் எப்படி நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நோட்டை முந்தின நாளே வாங்கிப் பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் நேரம் பிள்ளைகளைப் பார்க்கத்தான்.

அதைவிடப் பெரிய தவறு, ஸ்மார்ட் போர்டு ஓடினாலே நவீனக் கற்பித்தல் என்று நம்பியது. ஒருநாள் நீர்ச்சுழற்சி பற்றி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மேகம் வகுப்புக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறது. அதை யாரும் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. நானும் பதிவேட்டில் 'தொழில்நுட்பம் சிறப்பாகப் பயன்படுத்தப்பட்டது' என்று எழுதிவிட்டு வந்தேன்! அடுத்த வகுப்பிலும் அதே வீடியோ பாணிதான். பின்னே? நாம் எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தானே ஆசிரியர் வளர்த்துக்கொள்வார்.

சத்தம் கேட்டால் 'வகுப்புக் கட்டுப்பாடு இல்லை' என்று எழுதுவதும் இப்படித்தான். தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து வேலை செய்கிறார்கள். அங்கே எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் ஆராய்ந்தபோது பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மலைக் கிராமத்திலிருந்து வரும் கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்த மூன்று நொடி ரொம்பப் பெரிது.

அப்புறம், பார்த்ததை எங்கே சொல்கிறோம் என்பது. பிள்ளைகள் எதிரில் திருத்தினால் அந்த ஆசிரியர் மறுநாள் எதையும் புதிதாக முயலமாட்டார். மாதக் கூட்டத்தில் பொதுவாகப் போட்டு உடைப்பதும் அதே கதைதான். வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம், 'இன்றைக்கு நான் எதைப் பார்க்கட்டும்?' என்று கேட்கலாம். அன்றைக்கே தனியாக உட்கார்ந்து பேசலாம். 1960களில் ஹார்வர்டில் கோகனும் கோல்ட்ஹேமரும் வகுத்த மேற்பார்வை முறையும், முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு என்றுதான் போகிறது. ஈராசிரியர் பள்ளியில் இதற்கு நேரம் ஏது என்பீர்கள். சரிதான். ஒரு பாடம் முழுக்க வேண்டாம், பதினைந்து நிமிடம் பார்த்தாலும் போதும்.

கடைசியாக, தன் வகுப்பை மட்டும் யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்வது. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை இளம் ஆசிரியை ஒருவரை என் கணக்கு வகுப்பில் உட்காரச் சொன்னேன். முடிந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கேள்வியையும் நீங்களே கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க."