பயறு வேரில பாப்பம்: ஒரே மாதிரிக் கலங்கள் எப்பிடி வேற வேற இழையமாகுது

உயர்தரத்தில பயோ எடுக்கிற பிள்ளைகள் பிரியிழையம் (பிரிஞ்சுகொண்டே இருக்கிற கலக்கூட்டம்), வியத்தம் (கலங்கள் வேற வேற வேலைக்கு மாறுறது) எண்டு பாடமாக்கி எழுதி மார்க்ஸும் எடுத்திடுவினம், ஆனா அந்த மாற்றம் நடக்கிற இடத்தைக் கண்ணால பாத்தாக்கள் மிச்சம் குறைவு. அதுக்கு லாப் ஒண்டும் வேணாம், ஒரு பிடி பயறும் ஒரு ஜாம் போத்தலும் காணும். பாக்கேக்க ஒரு விசயத்தை மட்டும் மனசில வச்சிருங்கோ: ஒரு கலம் என்னவா மாறும் எண்டதைப் பெரும்பாலும் அது நிக்கிற இடம்தான் தீர்மானிக்குது.

முதல்ல பயறை இரவு ஊறப்போடுங்கோ. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிறாக்கள், வீட்டுக் கிணத்துத் தண்ணி உவரா இருந்தா பைப் தண்ணி எடுங்கோ, உப்புத் தண்ணியைப் பயறு லேசில இழுக்காது, முளைக்கச் சுணங்கும். விடிய போத்தலுக்கு உள்பக்கமா ஈர வெள்ளைத் துணியைச் சுத்தி வச்சு, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில பயறைச் செருகி, அடியில கொஞ்சம் தண்ணி விட்டு மேல மூடிவிடுங்கோ. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில துணி மத்தியானத்துக்குள்ளயே காஞ்சிடும், அடிக்கடி பாக்கோணும்.

வேர் ஒரு சென்ரிமீற்றர் அளவு வந்தோடன ரெண்டாவது வேலை. நூலைக் கறுப்பு மையில தொட்டு, நுனியிலயிருந்து மேல நோக்கி ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஒரு கோடு போடுங்கோ, கெதியாப் போட்டுத் திரும்ப ஈரத்துக்குள்ள வச்சிடுங்கோ, நுனி காஞ்சா எல்லாம் போச்சு. அடுத்த நாள் பாத்தா மேல உள்ள கோடுகள் போட்ட மாதிரியே இருக்கும், நுனிக்குச் சற்று மேல உள்ள கோடுகள்தான் விலகிப் போயிருக்கும். நுனியில வேர்மூடிக்கு உள்ளுக்க இருக்கிறது உச்சிப் பிரியிழையம், அங்க இருக்கிற கலங்கள் சின்னன், சுவர் மெல்லிசு, ஒண்டுக்கொண்டு பெரிசா வித்தியாசம் இல்லை, பிரிஞ்சு பிரிஞ்சு எண்ணிக்கையைக் கூட்டுறதுதான் வேலை. அதுக்கு மேல உள்ள கலங்கள் தண்ணியை உள்வாங்கி நீளுது, உங்கட கோட்டை விலக்கினது அதுதான்.

இன்னும் கொஞ்சம் மேல வெள்ளையாப் பஞ்சு மாதிரி ஒண்டு தெரியும். பூஞ்சணம் எண்டு எறிஞ்சிடாதேங்கோ! பூஞ்சணம் எண்டால் விதையிலயும் துணியிலயும் கண்டபடி படரும், மணக்கும், இது வேரைச் சுத்தி மட்டும்தான் நிக்கும். இதுதான் வேர்மயிர், ஒவ்வொண்டும் வேரின்ர வெளிப்படையான மேற்றோலில உள்ள ஒரேயொரு கலத்தின்ர நீட்சி. நுனியில எல்லாரோடயும் ஒரே மாதிரி நிண்ட ஒரு கலம் இப்ப தண்ணி உறிஞ்சிற வேலைக்கெண்டே உருவம் மாறி நிக்குது, போத்தலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு ஆறுதலாப் பாருங்கோ.

உள்ளுக்க நடக்கிறதைப் பாக்கக் காசித்தும்பைத் தண்டு ஒண்டு வெட்டி, கேக்குக்குப் போடுற சிவப்புக் கலரிங் கரைச்ச தண்ணியில வையுங்கோ. சில மணித்தியாலத்தில தண்டுக்குள்ளால சிவப்புக் கோடுகள் ஏறும், குறுக்க வெட்டினா வட்டமாச் சிவப்புப் புள்ளிகள். அதுதான் காழ், தண்ணியை மேல கொண்டுபோற இழையம். காழ்க்கலன் ஆகிற கலம் சுவரை இலிக்னின் எண்ட கெட்டியான பொருளால தடிப்பாக்கிப் போட்டுத் தன்ர உள்ளடக்கத்தைத் தானே அழிச்சுச் செத்துப்போகும், அந்த வெறுங்குழாயாலதான் தண்ணி போகுது. எனக்கு இந்தப் பாடத்திலயே ஆகப் பிடிச்ச இடம் இது.

சரி, இதெல்லாத்துக்கும் டிஎன்ஏ ஒண்டுதானே, பிறகு எப்பிடி ஒண்டு மயிராகுது ஒண்டு குழாயாகுது? டிஎன்ஏயில உள்ள பரம்பரையலகுகள் (ஜீன்கள்) எல்லாக் கலத்திலயும் இருக்கும், ஆனா எது வேலை செய்யுது எது அடங்கி இருக்குது எண்டது கலத்துக்குக் கலம் மாறும், அதைப் பக்கத்துக் கலங்களில இருந்து வாற சைகையும் ஓமோன்களும்தான் கூடுதலாத் தீர்மானிக்குது. கடுகுக் குடும்பத்து அரபிடொப்சிஸ் செடியில 1995 இல நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேர் நுனியில குறிப்பிட்ட ஒரு கலத்தை லேசரால அழிச்சுப் பாத்தினம், பக்கத்தில இருந்த வேற வகைக் கலம் அந்த வெற்றிடத்துக்கு வந்து அந்த இடத்துக்குரிய வேலையையே எடுத்துக்கொண்டுது. அதுக்கும் முதல், 1957 இல ஸ்கூக், மில்லர் எண்ட ஆய்வாளர்கள் ஓட்சின், சைற்றோகைனின் எண்ட ரெண்டு தாவர ஓமோன்களைக் குடுத்துப் புகையிலை இழையத்தை வளத்துக் காட்டினது: ஓட்சின் கூடினா வேர் வரும், சைற்றோகைனின் கூடினா தண்டு வரும், ரெண்டும் சமனா இருந்தா உருவமில்லாத கலத்திரள்தான்.

கடைசி வேலைக்கு வளவில இருக்கிற முருங்கைத் தடி ஒண்டு. தடியில உள்ள கலங்கள் கனக்க ஏற்கனவே வேலை பழகின கலங்கள், ஆனா வெட்டி நட்டா அதில சிலது திரும்பப் பிரியத் தொடங்கிப் புது வேரையே உண்டாக்கும். விலங்குகளில இப்பிடித் திருப்புறது லேசில்லை, 2006 இல யப்பான் விஞ்ஞானி யமனக்கா எலித் தோல் கலத்துக்கு 4 பரம்பரையலகுகளைக் குடுத்துத்தான் அதைச் செய்தவர், 2012 இல நோபல் பரிசும் கிடைச்சுது. முருங்கையை நடேக்க மட்டும் கீழ்ப்பக்கம் எது எண்டு அடையாளம் வச்சு நடுங்கோ, ஓட்சின் தடிக்குள்ளால கீழ்நோக்கித்தான் கடத்தப்படும், அது சேருற அந்த அடியிலதான் வேர் வரும்.