காலி விஸ்கி ஜாடியும் ‘மதுபானம்’ என்ற தடையும்

காட்பாடி வீட்டுப் பரணில் கிடந்த பழைய பீங்கான் விஸ்கி ஜாடியை இணைய விற்பனைத் தளத்தில் போட்டால், ‘மதுபானம்’ என்று விளம்பரத்தை உடனே தூக்கிவிடும். தலைப்பில் ‘விஸ்கி’யை எடுத்தேன், பிரிவைப் ‘பழம்பொருள்’ என்று மாற்றினேன், பலனில்லை. தளத்தின் சேவை மையமோ விதியையே திரும்ப ஒட்டியது: சேகரிப்புப் பொருளாக விற்கும் கலன் காலியாக இருக்க வேண்டும். நியாயம்தான், 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில்தானே.

சிக்கல் படத்தில் இருந்தது. தக்கை மூடிய ஜாடி. கண்ணாடி என்றால் காலி என்று தெரியும், பீங்கானில் எப்படித் தெரியும்? கூடவே, உள்ளே மது இருப்பதுபோல் காட்டும் ‘750 மி.லி.’ என்ற கொள்ளளவு வேறு. அதை நீக்கி, உயரத்தை சென்டிமீட்டரில் கொடுத்தேன். அப்புறம் தக்கையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, ஜாடியைக் கவிழ்த்து ஒரு படம். அதன்பின் யாரும் நீக்கவில்லை. குடியாத்தத்துக்காரர் ஒருவர் நேரில் வந்தே வாங்கிப்போனார். கூரியர் செலவும் மிச்சம்.